வெள்ளம் உண்டா?

கேரளத்து மலையிலுள்ள வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் எந்த வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறது என்பது சிவசங்கரிக்கு மனப்பாடம். பகலெல்லாம் காய் எடுத்துவிட்டு மாலை வகுப்பில் பிளஸ் டூ படிக்கிறவள். வகுப்பு எடுக்கும் சிஞ்சு டீச்சர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் குடிநீரைப் பற்றி புராஜெக்ட் கொடுத்த அன்றே வீடு வீடாகப் போய்க் குடங்களை எண்ணினாள். ஒவ்வொரு வரிக்கும் தேதி போட்டாள். எழுதியது சரிதானா என்று சந்தேகம் வந்து மறுநாளும் போய் எண்ணினாள்.

அதே வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு மோனிஷா ஒரு குடத்தையும் எண்ணவில்லை. உட்கார்ந்த இடத்தில் போனில் ஒரு படிவம் செய்து எல்லா லயத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினாள். இரண்டே நாளில் பதில்கள் வந்து, தாமாகவே வரைபடத்தில் புள்ளிகளாக உட்கார்ந்தன. தண்ணீர் உள்ள லயம் பச்சை, இல்லாதது சிவப்பு. வகுப்புச் சுவரில் அது பெரிதாக ஒளிர்ந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். சிவசங்கரியும் தட்டினாள், வயிறு எரிந்தது. கட்டப்பனையில் நடக்கவிருந்த கண்காட்சியில் வகுப்பின் சார்பாக ஒருத்திதான் பேச முடியும். அது தான்தான் என்று ஒரு வாரமாக நினைத்திருந்தாள். டீச்சர் இப்போது மோனிஷாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, வரைபடத்தில் பார்த்ததோடு ஒத்துப் பார்த்தாள். வீட்டுக்குப் பதினான்கு குடம் வருகிற மேல் லயம் சிவப்பாக இருந்திருக்கிறது. ஓடை ஏறிக் குழாயை அடித்துக்கொண்டு போன கீழ் லயமோ பச்சை. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்றுதான் முதலில் பயந்தாள். மேல் லயத்துச் சின்னத்தாயக்காவிடம் போய்க் கேட்டாள்.

“போன்ல ‘வெள்ளம் உண்டா’ன்னு கேட்டிருந்துச்சு. மலை உச்சியில எங்கிட்டிருந்துட்டி வெள்ளம் வரும்? இல்லன்னு அமுக்கிட்டேன்” என்றாள் அவள்.

மோனிஷா மலையாளப் பள்ளியில் படித்தவள். அவளுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த லயத்துப் பெரியவர்களுக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போவது. அதுவும் ஜூலை மழையில் கேட்டால் வேறென்ன தோன்றும்? மேலே இருப்பவர்கள் இல்லை என்றார்கள், கீழே இருப்பவர்கள் உண்டு என்றார்கள்.

சிவசங்கரி அதை அப்படியே நோட்டில் எழுதினாள். பழக்கத்தில் தேதியும் போட்டாள்: ஜூலை 11.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டு சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி ஒத்திகை. பஞ்சாயத்து மெம்பர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மோனிஷா பேசி முடித்ததும் சிவசங்கரி எழுந்து, வரைபடம் தலைகீழாக இருக்கிறது என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினாள். குரல் நடுங்கவில்லை, அதற்காகவே எட்டு நாள் பழகியிருந்தாள். மோனிஷாவின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவளுக்கு இனித்தது.

டீச்சர் நோட்டைக் கேட்டு வாங்கி, விரலை வரி வரியாக ஓட்டினார். சின்னத்தாயக்காவின் பதில் இருந்த பக்கத்தில் விரல் நின்றது. அந்தப் பக்கத்தை மோனிஷா பக்கம் திருப்பினார்.

மோனிஷா தேதியைப் படித்தாள்.

“எட்டு நாளாட்டி?” என்றாள் மெல்ல. “கீழ் லயத்துச் சனம் ஓடைக் கலங்கலத்தான குடிக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேம்லா.”

மெம்பர் கீழ் லயத்துக் குழாயைப் பற்றி யாருக்கோ போன் செய்யத் தொடங்கியிருந்தார்.

‘வெள்ளம்’ இருந்த இடத்தில் ‘குடிதண்ணீர்’ என்று போட்டு, நோட்டிலிருந்த கணக்கைச் சிவசங்கரி வாசிக்க, மோனிஷா போனில் ஏற்றினாள். கட்டப்பனைக்கு மோனிஷாவே போகட்டும், ஆதாரமாக நோட்டையும் மேசையில் வைக்கலாம் என்று டீச்சர் முடிவு செய்தார்.

கொடுப்பதற்கு முன் தேதி போட்ட அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று சிவசங்கரி யோசித்தாள். திருப்பிப் பார்த்தாள். அதன் மறுபக்கத்தில்தான் கீழ் லயத்தின் கணக்கு இருந்தது, இருபத்திரண்டு வீடும். அப்படியே கொடுத்துவிட்டாள்.

மோனிஷா நோட்டுக்கு நீல அட்டை போட்டு எடுத்துப் போனாள். அழகாகத்தான் போட்டிருந்தாள். அதுவும் சிவசங்கரிக்குப் பொறுக்கவில்லை.