பதம் பிரித்த முகவரி

எனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, அது கோர்ட்டில் முறிந்து, ஒரு பிள்ளையும் இருக்கிறான் என்கிற சேதி எனக்கே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது. சொன்னவள் துர்கா. எங்கள் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள், ஏனாத்தூர் பக்கத்துப் பெண். எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"மிஸ், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களப் பத்தி ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கினு இருக்காங்க" என்றாள்.

"என்ன மாதிரி?"

"உங்களுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயி டைவர்ஸாம். புள்ள கூட இருக்குதாம். அத்த மறைச்சி வேற எடத்துல மாப்ள பாக்குறீங்களாம். கரஸ்பாண்டன்ட் சார் வீட்டு வரைக்கும் போயிருக்குது மிஸ். காலைல உங்க ஃபைல எட்த்துக்கினு வரச் சொன்னாரு. அதான் சொல்றேன்."

கையில் சாக்பீஸ் இருந்தது. அதை எங்கே எறிந்தேன் என்று ஞாபகமில்லை. என் வயது இருபத்தொன்பது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை என்பதற்காக ஊர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லியாகிவிட்டது. இப்போது ஆகாத கல்யாணத்துக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

"யாரு கெளப்பினது?" என்றேன்.

"செவிலிமேடுல ஒரு அய்யருவூட்டம்மாவாம் மிஸ்."

நாங்கள் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று அவளைத் திருத்துகிற நிலையில் நான் இல்லை. செவிலிமேடு என்றதுமே ஆள் தெரிந்துவிட்டது. மரகதவல்லி மாமி. புது வீடு கட்டிக் குடியேறியவர். கணவர் இல்லை, ஒரே பிள்ளை ராம்ப்ரஸாத். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார். அவருக்கும் எனக்கும் ஜாதகம் பொருந்தியிருந்தது. எங்கள் சம்பிரதாயக்காரர்களுக்கென்றே நடக்கிற ஒரு சின்னக் கல்யாண இணையதளத்தில் என் விவரங்களைப் பதிந்திருந்தோம். அந்தப் பக்கத்தின் முகவரியை என் அப்பா அவர்களுக்கு ஈமெயிலில் அனுப்பினார். அடுத்த வாரம் மாமி போன் பண்ணி, "எங்களுக்குச் சரிப்படாது" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லாததை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

வீட்டுக்குப் போனதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவிடம் போனேன். "அவாளுக்கு அனுப்பின மெயிலைக் காட்டுங்கோ."

என் அப்பா சக்ரவர்த்தி, ரிட்டயரான சம்ஸ்கிருத வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர வாத்தியார்த்தனத்திலிருந்து பெறவில்லை. வெளிநாட்டிலிருக்கும் வைஷ்ணவர்களின் மெயில் குழு ஒன்றுக்குத் தினமும் ஒரு பாசுரம், அதற்கு அர்த்தம் என்று தட்டச்சுச் செய்து அனுப்புவார். கலர், தடிமன், சாய்வு எதுவும் கூடாது. வெறும் எழுத்து. ஒரு வரிக்கு அறுபத்தைந்து எழுத்துக்கு மேல் போனால் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். வரி நீண்டு அடுத்தவர் திரையில் தாறுமாறாக மடிவது பாசுரத்துக்குச் செய்கிற அபசாரம் என்பார். ஆகவே எந்த இடத்தில் மடிய வேண்டுமோ அங்கே தானே என்டர் தட்டுவார்.

மெயிலைத் திறந்தார். "ஸ்வஸ்திஸ்ரீ" என்று ஆரம்பித்து எல்லாம் ஒழுங்காக, ஓரம் வெட்டினாற்போல் இருந்தது. நடுவில் என் பக்கத்தின் முகவரி. அந்த இணையதளத்து முகவரி அனுமார் வால். கேள்விக்குறியும் சமக்குறியும் போட்டு நீண்டு நீண்டு போய்க் கடைசியில் என் பதிவு எண்ணில் முடியும். என் எண் 408731. மெயிலில் 408 வரைக்கும் ஒரு வரியில் இருந்தது. அதுவரைதான் நீலக்கோடு. 731 அடுத்த வரியில் அநாதையாகக் கறுப்பில் நின்றது.

"ஏன்பா இப்படி உடைஞ்சிருக்கு? தானா மடிக்கிறதை நான் நிறுத்தி வெச்சிருந்தேனே!"

"அது தானா மடியலை. நான்தான் பதம் பிரிச்சேன்" என்றார், பெருமையாக. "ஒரே மூச்சுல அத்தனை நீளம் போனா எவன் படிப்பான்? எண்ணை மூணு மூணா பிரிச்சா கண்ணுக்கு நன்னா இருக்கு பாரு."

"அப்பா, அது பாசுரம் இல்லை! யாரும் அதைப் படிக்கப் போறதில்லை. மெஷின் படிக்கும். அதுக்கு வரி முடிஞ்சா முகவரி முடிஞ்சுது. நீளமா இருந்தா ரெண்டு பக்கமும் < > இந்தக் கோண அடைப்பு போடுங்கோ, நடுவுல என்டர் மட்டும் தட்டாதீங்கோன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன்?"

"சேர்த்துப் படிச்சுக்க வேண்டியதுதானே? அவன் சாஃப்ட்வேர்ல இருக்கான்."

முகவரி பாதியில் அறுந்தால் பெரும்பாலும் ‘பக்கம் இல்லை’ என்று வரும். வந்திருந்தால் போன் பண்ணிக் கேட்டிருப்பார்கள். நம் அதிர்ஷ்டம், 408 என்றும் ஒருத்தி இருந்தாள். நீலக்கோட்டைச் சொடுக்கினேன். டயல்-அப் இணைப்பு முக்கி முனகி அவளைக் கொண்டுவந்தது. பெயரை மறைத்து வைத்திருந்தாள். போட்டோ இல்லை. சொந்த ஊர் காஞ்சிபுரம், வேலை ஆசிரியை, வயது முப்பத்தொன்று. விவாகரத்து ஆனவர், ஆறு வயதில் ஒரு மகன், மகனை ஏற்றுக்கொள்பவர் மட்டும் தொடர்பு கொள்ளவும் என்று எழுதியிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. இத்தனை நேர்மையாக எழுதியவளை ஊர் என்ன பாடு படுத்தியிருக்கும் என்றுதான் தோன்றியது.

எண்ணைச் சேர்த்துப் போட்டேன். என் பெயர், என் போட்டோ எல்லாம் வந்தன. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிப்புக் கேட்டு உடனே ஒரு மெயில் போட்டுடறேன்" என்று கீபோர்டை இழுத்தார்.

"நீங்க இனிமே யாருக்கும் மெயில் போட வேண்டாம். நான் நேர்ல போறேன்."

"பெண்பிள்ளை தனியாப் போறதாவது! நாலு பேர் என்ன சொல்லுவா?"

"இதுக்கு மேல என்னப்பா சொல்லுவா?"

அப்பா கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ் பிடித்து செவிலிமேடு போனேன். கதவைத் திறந்த மரகதவல்லி மாமி என்னைப் பார்த்துப் போட்டோவில்கூடப் பார்த்திராத முகமாயிற்றே என்று விழித்தார். "நான் சுபத்ரா. சக்ரவர்த்தி ஸ்வாமி பொண்ணு. டைவர்ஸ் ஆனவ" என்றேன். மாமி கதவைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே ராம்ப்ரஸாத் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அப்பா எண்ணை உடைத்ததை, பாதி எண்ணில் வேறொருத்தி இருந்ததை, எல்லாவற்றையும்.

"அடடா!" என்று மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இவன்தான் திறந்து காட்டினான். அதுல அப்படிப் போட்டிருந்தது. வயசையும் ரெண்டு குறைச்சுச் சொல்லிட்டேள்னு நினைச்சேன். கீழே 731னு இருந்ததை நான் ஏதோ போன் நம்பர்ல பாதின்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதேம்மா. நீயும் அந்த மாதிரிப் பொண்ணோன்னு பயந்துட்டோம்."

"எந்த மாதிரி மாமி?"

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"உங்க கம்ப்யூட்டரைப் போடுங்கோ. உங்க கண்ணாலயே பாத்துடுங்கோ" என்றேன். கூடத்து மூலையில் பூப்போட்ட உறை மூடி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ராம்ப்ரஸாத் அசையவில்லை.

"எதுக்குங்க, நீங்க சொன்னாப் போறாதா? நம்பறோம்" என்றார்.

"நீங்க நம்பறது இருக்கட்டும். மாமி பாக்கணும்."

மாமி உறையை எடுக்க, நானே உட்கார்ந்தேன். இணைப்பு வருகிற வரை மூவரும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முகவரிப் பெட்டியில் அந்தத் தளத்தின் பெயரை அடிக்க ஆரம்பித்தேன். பாதி அடிப்பதற்குள் ஏற்கெனவே அந்தக் கம்ப்யூட்டரில் திறந்த முகவரிகள் கீழே வரிசையாக விழுந்தன. அப்படித்தான் விழும், அதற்கு ஞாபகசக்தி அதிகம்.

முதலில் 408 என்று முடிகிற முகவரி. அதன் கீழே, உடையாமல், முழுசாக, 408731.

நான் தட்டுவதை நிறுத்தினேன். திரும்பி அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? நெட்டு போயிடுத்தா?" என்றார் மாமி.

"இல்லை மாமி. இது என் முகவரி. நான் இன்னும் அடிக்கவே இல்லை. இந்த வீட்ல யாரோ முன்னாடியே எண்ணைச் சேர்த்துப் போட்டு என்னைப் பாத்திருக்கா. அது நீங்க இல்லை. வேற யாருன்னு கேளுங்கோ."

மாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பிரஸாத்?" என்றார்.

"அப்புறம்தாம்மா பாத்தேன்."

"அப்புறம்னா எப்போ?" என்று நான் கேட்டேன்.

"அன்னிக்கே. அம்மா உள்ளே போனப்புறம். கீழே நம்பர் தனியா இருந்தது, சேர்த்துப் பாத்தேன்." கையிலிருந்த பேப்பரை மடித்தார். "என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்காங்க. எனக்கு இந்த இடம் வேண்டாம்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அம்மாவே வேண்டாம்னுட்டா. சரி, அப்படியே போகட்டும்னு விட்டுட்டேன். ஊர்ல பேசுவாங்கன்னு நான் நினைக்கலைங்க."

நினைக்கவில்லையாம்! தன் அம்மாவிடம் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லப் பயந்துகொண்டு, எனக்குத் தாலி கட்டி, அதை அறுத்து, கையில் ஒரு பிள்ளையையும் கொடுத்து ஊர்வலம் விட்டிருக்கிறார். என் அப்பா ஒரு மடத்தனம் செய்தார், தெரியாமல் செய்தார். இவருக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தையில் என் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம், சும்மா இருந்தார். அறைந்திருப்பேன், மாமி நடுவில் வந்துவிட்டார்.

மாமி வந்தது எனக்காக இல்லை. "யாருடா அவ? நம்மவாதானே?" என்று பிள்ளையின் சட்டையைப் பிடித்தார். பிறகு நான் நிற்பது ஞாபகம் வந்து, குரலைத் தாழ்த்தி, "சுபத்ரா, நடந்தது நடந்துபோச்சு. இந்த விஷயம் இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்மா. இவன் பேர் கெட்டுடும்" என்றார்.

"இவர் பேரா?"

அதற்குமேல் நான் கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. "மாமி, செருப்பை மாட்டிக்கோங்கோ. நீங்களும் வாங்கோ" என்று ராம்ப்ரஸாதையும் பார்த்துச் சொன்னேன். "யார் யார் ஆத்துல என்னைப் பத்திச் சொன்னேளோ, அந்த ஆத்துக்கெல்லாம் இப்பவே போறோம். வரலைன்னா நான் வாசல்ல நின்னு இந்தத் தெருவுக்கே சொல்லுவேன்."

வந்தார்கள். முனையில் நின்ற ஆட்டோக்காரர், "எத்தினி எடம் போவணும்மா?" என்று கேட்டார். அவங்க எத்தனை பேர்கிட்ட சொன்னாங்களோ அத்தனை இடம் என்றேன். அவர் மாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

முதல் வீடு சின்ன காஞ்சிபுரம் மாடவீதியில் கோமளவல்லி மாமி வீடு. மாமி தாழ்வாரத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ராம்ப்ரஸாதை முன்னால் நிறுத்தி, "சொல்லுங்கோ" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார், தனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்து. விழுங்கப் பார்த்த இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன்.

கோமளவல்லி மாமி கீரையைத் தள்ளிவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அநியாயம் இது! அடியே சுபத்ரா, நான் அப்பவே நம்பலை. சக்ரவர்த்தி ஸ்வாமி பொண்ணாவது, இப்படியாவது!"

பிறந்ததிலிருந்து என்னைத் தெரியும் அவருக்கு. நாலு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. நம்பாதவர் ஒரு நடை வந்து என்னைக் கேட்டிருக்கலாம்.

"நம்பலை சரி. யார்கிட்டச் சொன்னேள் மாமி?" என்றேன்.

மாமி கையை விட்டார். மரகதவல்லி மாமியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "கரஸ்பாண்டன்ட் ஆத்து மாமி வியாழக்கிழமை கோவில்ல கேட்டா. பேச்சுவாக்குல ஒரு வார்த்தை..."

"ஆட்டோ நின்னுண்டிருக்கு. நீங்களும் ஏறுங்கோ."

"கீரை அப்படியே இருக்கேடி."

"இருக்கட்டும் மாமி" என்றேன். "எனக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு."