புளியமரத்திலிருந்து விழாதவர்

1942 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, இராஜபாளையத்துப் பொட்டல் ஒன்றில் புளியமரம் வந்து நின்றது. பருவமில்லாத பருவத்தில் காய்த்துத் தொங்கியது. அதுவரை அங்கே ஓர் எருக்கஞ்செடிகூடக் கிடையாது. அதே பத்தரை மணிக்குத்தான் சர்க்கார் டாக்டர் ஒருவர், பஞ்சு மில்லில் பொதி சுமக்கும் தேவஇரக்கத்தின் முழங்கால், பொட்டலில் புளியமரத்திலிருந்து விழுந்து உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடைத்தது துப்பாக்கிக் கட்டை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலில் முந்நூறு பேர் சம்மணம் போட்டுச் சுதந்திரப் பேச்சுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கல் பறக்கவில்லை. லாரியில் வந்த பட்டாளம் உட்கார்ந்திருந்தவர்களையே அடித்தது. வேண்டி அழுதாலும் மழை வராத ஊரில், சர்க்கார் காகிதத்துக்கு மரம் ஓடி வருகிறது. தூ!

தேவஇரக்கம் ஏழு தடவை மாட்டுவண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்குப் போனார். அடித்தது பட்டாளம் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னார், அவ்வளவுதான். சாட்சிக்கு அழைத்த மாரிசாமி, கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அடிபட்டுக் காது கிழிந்தவர். "மரம் நிக்குல்லா அய்யா, விழுந்திருப்பாரு" என்றார். அந்தப் புளியில்தான் அவர் வீட்டில் அன்றாடம் குழம்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். புளியிட்டவரையும் நினைக்க வேண்டும் போலிருக்கிறது. நீதிபதி நேரில் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு மனுவைத் தள்ளினார்.

அன்றே தேவஇரக்கம், பொதி தூக்கிய கைகளால் மரத்தைக் கட்டிப்பிடித்து, காலை இழுத்துக்கொண்டு ஏறினார். மனைவி ஏசம்மாள் கீழே நின்று கத்தினாள். "எறங்கி வாங்க! ஒரு காலு போனது பத்தாதா?"

"ஏட்டி, நான் விழுந்தேன்னுதான எழுதியிருக்கான்? விழமாட்டேன். எம்புட்டு வருசமானாலும் விழமாட்டேன்."

அவள் தொரட்டிக்கம்பில் தூக்குவாளியை மாட்டிக் கஞ்சி அனுப்பினாள். ஐந்து வருடம் அனுப்பினாள். சுதந்திரம் வந்தது. கொடியேற்ற வந்த புது அதிகாரி பழைய காகிதத்தையே புரட்டிவிட்டு, "ஒருக்க விழுந்தவரு மறுபடி ஏறலாமா பெரியவரே?" என்று கேட்டார். தேவஇரக்கம் காறித் துப்பினார். அது கதர்ச் சட்டையில் பட்டது.

மறுவருடம் ஐப்பசிப் புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. விறகு வெட்ட அரிவாளோடு முதலில் ஓடிவந்தவர் மாரிசாமி. வந்தவர் அண்ணாந்து பார்த்தார். அதே உயரத்தில், உடைந்த காலைத் தொங்கப்போட்டு, வெறும் காற்றில் உட்கார்ந்திருந்தார் தேவஇரக்கம்.

"ஏலே மாரிசாமி, நான் விழுந்தேனாலே?"

மாரிசாமி கிழிந்த காதைத் தடவிக்கொண்டார்.

"இல்ல அண்ணாச்சி. விழல."

மழை விடவில்லை. மேலே இனி இலை இல்லையே என்று ஏசம்மாள் அன்று கஞ்சியோடு ஒரு குடையும் அனுப்பினாள்.