ஜன்னலுக்கு வந்த முதலாளிகள்

சமையலறை ஜன்னலை மூன்று முறை இடித்துக் கட்டியாகிவிட்டது. மூன்று முறையும் இடிக்கச் சொன்னவர் காண்ட்ராக்டரின் அக்கா வீட்டுக்காரர். வீடு அவருடையது, வாய் அந்த வீட்டைவிடப் பெரியது.

"இன்னொரு தடவை இடிக்கச் சொன்னா கரண்டியைக் கீழ வெச்சுட்டுப் போயிட்டே இருப்பேன்" என்று கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். அவரை விட்டால் நூல் பிடித்தாற்போல் சுவர் எழுப்ப வேறு ஆள் இல்லை. அத்தானைப் பகைத்துக்கொண்டாலோ அக்கா முகத்தில் விழிக்க முடியாது. காண்ட்ராக்டருக்கு விழி பிதுங்கியது.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுச் சட்டம் வந்தது. கட்டட வேலையாட்களுக்கு யார் நேரடியாக உத்தரவு போட்டாலும் அவரும் ஒரு முதலாளி. நிழல், குடிநீர், கழிப்பறை எல்லாம் அவர் பொறுப்பு. வேலை நடக்கும்வரை தலையில் ஹெல்மெட்டோடு அங்கேயே நிற்கவும் வேண்டும். படித்ததும் காண்ட்ராக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அத்தான், இனிமே நீங்க வாயைத் திறந்தா நீங்களும் முதலாளி. கக்கூஸ்கூட நீங்கதான் கட்டித் தரணும்."

"நான் எங்க உத்தரவு போட்டேன்? ஏதோ என் அபிப்பிராயம்."

"அதை அக்காகிட்ட சொல்லுங்க."

"அவகிட்டயா? அங்க நானே வெறும் தொழிலாளி மாப்ளே."

மறுநாள் அத்தான் உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு அடுக்கியிருந்த செங்கற்களுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"ஏன் செங்கல்லு, அந்த ஜன்னல் ஒரு முழம் இடப்பக்கம் தள்ளி இருந்தா நல்லாருக்காது?"

கொத்தனார் சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டை இறக்கியபடியே கேட்டார். "செங்கல்லுகிட்ட சொன்னா சட்டத்துல வருமா சார்?"

"வராது. ஆனா உங்க காதுல விழக் கூடாது."

"எனக்கு விழலை. செங்கல்லுக்கு விழுந்துச்சான்னுதான் தெரியல."

அந்த வாரமே தொழிலாளர் ஆய்வாளர் அம்மா வந்து நின்றார். "இங்க யாரு முதலாளி?"

"நான்தான் மேடம். நான் ஒருத்தன் மட்டும்தான்" என்றார் காண்ட்ராக்டர். அத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த இடத்தில் சாரம் இருந்தது. சாரத்தின் மேல் கொத்தனார், தான் எழுப்பிய சுவரின் அழகை ரசிக்க ஒரு காலைப் பின்னால் எடுத்து வைக்கப் போனார். பின்னால் இருந்த பலகையைக் கட்ட மறந்திருந்தார்கள்.

"யோவ், நில்லு! காலை எடுக்காதே! முதல்ல அந்தப் பலகையைக் கட்டு!" என்று அத்தான் கத்தினார்.

கொத்தனார் தூக்கிய காலோடு சிலையாக நின்றார்.

"நல்ல வேளை, காப்பாத்தினீங்க" என்றார் ஆய்வாளர். "அருமையான உத்தரவு. உங்களையும் முதலாளின்னு எழுதிக்கறேன்."

அத்தானின் வாய்ப்பூட்டு கழன்றுவிட்டது, இனி ஜன்னல் போச்சு, கொத்தனாரும் போனார் என்று காண்ட்ராக்டர் கணக்குப் போட்டார். ஆனால் ஹெல்மெட் தலையில் ஏறியதும் அத்தானின் நடையே மாறிவிட்டது. பொழுது விடிந்ததும் வந்து தார்ப்பாய் கட்டினார், குடிநீர் டிரம் வைத்தார். கழிப்பறைக்கு எங்கே இடம் என்று யாரையும் கேட்காமல் தானே பார்த்துத் தகர ஷீட்டால் ஒன்றை நிறுத்தினார். ஜன்னல் ஞாபகமே அவருக்கு இல்லை. தலை தப்பியது என்று காண்ட்ராக்டர் பெருமூச்சு விட்டார்.

மதியம் அக்கா வந்தாள். சமையலறை ஜன்னலை ஆசையாகத் திறந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் கழிப்பறைக் கதவு.

"எந்த மகராசன் இதை இங்க வெச்சது?"

"அதனால என்ன, ஜன்னலை ஒரு முழம் தள்ளி..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

கொத்தனார் குனிந்தார். கரண்டி தரையை நோக்கிப் போயிற்று. அதற்குள் அக்கா சீறினாள்.

"ஜன்னல்ல கை வெச்சீங்க, தெரியும் சேதி! கொத்தனாரே, அந்தக் கக்கூஸைத் தூக்கிப் பின்பக்கம் வைங்க. இப்பவே!"

கரண்டி பாதியில் நின்றது. "சார்," கொத்தனார் காண்ட்ராக்டரைப் பார்த்தார், "இது உத்தரவுதானே?"

"சந்தேகமா?" என்று அத்தான் முந்திக்கொண்டு தன் ஹெல்மெட்டைக் கழற்றி மனைவி தலையில் வைத்தார். அது அவளுக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் உட்கார்ந்தது.

கொத்தனார் கரண்டியை நிமிர்த்திக் கலவையில் குத்தி வைத்துவிட்டு, தகர ஷீட்டைத் தூக்க ஆள் கூப்பிட்டார். அத்தான் மெல்ல நழுவிச் செங்கற்களுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"செங்கல்லு, உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார்.