ஒரு குரலும் இரண்டு வக்கீல்களும்

சோப்பு உறையின் நீல நிறம் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்ற வழக்கில், காலை பத்தரை மணிக்கு வாதாட எழுந்த சீனியர் வக்கீலின் வாயிலிருந்து அவருடைய பழைய ஜூனியரின் குரல் வந்தது. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார். சுருக்கெழுத்தர் எப்போதும்போல் எழுதினார். இரண்டு கம்பெனிக்காரர்களும் அவரவர் சோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் குரலுக்குச் சொந்தக்காரி மூன்று தெரு தள்ளி அக்கா வீட்டுச் சமையலறையில், வாயைத் திறந்தால் வெறும் காற்று வர, பாதி உரித்த வெங்காயத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வருடம் அவரிடம் ஜூனியராக இருந்தவள். ஒப்பந்தங்களின் பொடி எழுத்தைப் படித்துப் படித்து அவள் கண்ணாடி தடித்தது. பெயர் அவருக்கு வந்தது. வாதத்தை வரி வரியாக எழுதி, எந்த இடத்தில் இரும வேண்டும் என்றுகூட ஓரத்தில் குறித்துக் கொடுப்பாள். அவர் எழுந்து, எல்லாம் தன் தலையில் அப்போதுதான் உதித்ததுபோல் பேசுவார். கோர்ட் கொடுக்கும் சீனியர் வக்கீல் அந்தஸ்துக்கு அவள் விண்ணப்பித்தபோது, நடத்திய வழக்குகளின் பட்டியலில் அவர் கையெழுத்துத் தேவைப்பட்டது. நூற்று நாற்பது வழக்குகளையும் பச்சை மையால் அடித்துவிட்டு, "நீ எழுதின, நான் பேசினேன். பேசினவன் பேர்தான் நிக்கும். கிளம்பும்மா" என்றார். அவள் படி இறங்கினாள். இந்த மனுஷனைச் சும்மா விடக் கூடாது என்று வாய்விட்டே சொன்னாள். குரல் இடம் மாறத் தொடங்கியது மறு வாரம்தான்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எதையும் நேரம் குறித்துப் பார்ப்பவள். பத்தே நாளில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். கோர்ட்டுக்கு வெளியே அவருக்குத் தன் சொந்தக் குரல் இருந்தது. டீ சொல்லவும் டிரைவரைத் திட்டவும் அது போதும். அவர் கோர்ட்டுக்குள் இருக்கும்போது, அவள் எங்கே இருந்தாலும், இருவருக்கும் சேர்த்து ஒரே குரல், அதுவும் முதலில் வாயைத் திறப்பவருக்கு. "அப்போ நீ பத்து இருபத்தஞ்சுக்கே ஆரம்பிச்சுடு" என்றாள் அக்கா.

அவருக்கு வழக்கு இருந்த நாளெல்லாம் அவள் ஆரம்பித்தாள். செய்தித்தாளில் மணமகள் தேவை விளம்பரங்கள், மாத்திரை அட்டையின் பின்பக்கம், வாஷிங் மெஷினின் உத்தரவாதச் சீட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று மதிய இடைவேளை வரை மூச்சுவிடாமல் வாசித்தாள். அங்கே அவர் மீனைப்போல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவருடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் வருடம் அவர் புதிதாக டைப் செய்த பட்டியலோடு வந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, நூற்று நாற்பது இடத்திலும் கையெழுத்துப் போட்டார். பேனா நடுவில் மக்கர் செய்தது. அவள் வேறு பேனா கொடுத்தாள். பிறகு, இனிமேலாவது குரலை விட்டுக்கொடுக்கும்படி கேட்டார்.

"அது என்னோடது சார். உங்களோடதுல பேசுங்களேன்."

"உள்ளே போனா அது வர மாட்டேங்குதும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்குப் பாவமாக இல்லை. மனம் குளிர்ந்தது. அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

அந்தஸ்து கிடைத்ததும் அவள் ஒரே வேலையாக, அவர் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்து வழக்குகளைத் தேடித் தேடி வாங்கினாள். பழைய பெயரை நம்பி அவரிடம் வரும் கம்பெனிகள் இன்னும் சில இருந்தன. அவர் முறை முதலில் வந்தாலும், அதற்கு முன்பே அவள் எழுந்து நீதிபதிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுவாள். குரல் அவளோடு தங்கிவிடும். அவர் பக்கங்களைப் புரட்டி, கையை ஆட்டி, வாயை அசைப்பார். நீதிபதிகள் மாறினார்கள், நடைமுறை மாறவில்லை. பத்து நிமிடம் மரியாதையாகக் காத்திருப்பார்கள். சுருக்கெழுத்தர் பேனாவை மூடி வைத்திருப்பார்.

பிறகு நீதிபதி அவளைப் பார்த்து, "சீனியர் முடிச்சிட்டாரா?" என்று கேட்பார்.

"முடிச்சிட்டார்" என்று சொல்லி அவள் எழுந்துகொள்வாள்.