படம் நிற்கவில்லை

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். வாரம் ஆறு நாள் நகரத்துக்குள் பஸ் ஓட்டிவிட்டு, ஏழாம் நாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவார். மேசையில் ஸ்டியரிங்கைப் பூட்டி, காலடியில் பெடலை வைத்துக்கொண்டு, பனி மூடிய மலைப்பாதையில் மரம் ஏற்றிப் போவார். “செக்குமாட்டுக்கு லீவு விட்டாலும் அது செக்கைத்தான் சுத்தும்” என்பாள் அக்கா. அவர் சிரித்துக்கொள்வார்.

அந்த வருடம் போனஸ் வந்ததும் எனக்குப் போன் செய்தார். விளையாட்டு நடுநடுவே நின்றுவிடுகிறதாம். படம் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்துபோய், திரும்பி வரும்போது லாரி பள்ளத்தில் கிடக்கிறதாம். புராசஸரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா என்று குழம்பிப் போயிருந்தார். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். கடைக்காரர் கார்டு என்றாராம், டிப்போவில் ஒரு கண்டக்டர் புராசஸர் என்றாராம்.

“நீ வந்து பாத்துச் சொல்லு மச்சான். நீ சொல்றதைத்தான் வாங்குவேன்.”

நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். ஞாயிறு காலை போனேன். சோதனை எளிதுதான். படத்தின் தரத்தைக் குறைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். தடங்கல் போய்விட்டால், படம் வரைகிற கார்டுக்குத்தான் மூச்சு வாங்குகிறது என்று பொருள். அப்படியும் நின்றால் புராசஸர். தரத்தைக் குறைத்தேன். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் வரவழைத்தேன். அறுபது என்று காட்டியது. அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு வந்தது. லாரி வளையவில்லை. நேராகப் போய்த் தடுப்பை இடித்துக்கொண்டு சரிந்தது.

“பாத்தியா? நின்னுடுச்சு பாரு” என்றார்.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது அறுபதாகவே இருந்தது. படம் நிற்கவில்லை.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவை திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். அரைமணி நேரம் கழித்து அந்தத் தடங்கல் வந்தது. கண் திறந்திருந்தது, அதில் ஆள் இல்லை. கைகள் ஸ்டியரிங்மேல் சும்மா கிடந்தன. உதடு மட்டும் எதையோ சப்புவது போல அசைந்தது. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. ஏழெட்டு நொடி இருக்கும். பிறகு கண்ணைச் சிமிட்டி, “சனியன், மறுபடியும் நின்னுடுச்சு” என்றார்.

பார்த்ததைப் பக்குவமாகத்தான் சொன்னேன்.

“கம்ப்யூட்டரைப் பாக்கச் சொன்னா என்னைப் பாக்குறியா?” என்றார்.

தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்றார். பஸ் ஓட்டும்போது இப்படி ஆனதுண்டா என்று கேட்டேன். பெடலைக் காலால் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு, போன மாதம் ஒரு ஸ்டாப்பில் நிற்காமல் போய்விட்டதையும், உள்ளே இருந்தவர்கள் கத்தியதையும் சொன்னார். அது பள்ளிக்கூட ஸ்டாப்.

அக்கா துடைத்த தட்டைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றிருந்தாள். நாலைந்து மாதமாகவே கூப்பிட்டால் சில நேரம் பேசமாட்டாராம்.

“என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன்டா. நானும் வீம்புக்குப் பத்து நாள் பேசாம இருந்தேன்” என்றாள். தட்டை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலை அவருக்கு வேலை. போயே தீருவேன் என்றார். விஷயம் வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“லீவு சொல்லுங்க அத்தான். இல்லேன்னா டிப்போவுக்கு நானே போன் பண்ணுவேன்.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

டாக்டர் அதை வலிப்பு என்றார். கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம். மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

டிப்போவில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பல்பும் பெல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார். கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. நான் வீட்டுக்குப் போனால், “வாங்க, உட்காருங்க” என்கிறார். பத்து வருடமாக என்னை வா போ என்றவர். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று அக்கா சொல்கிறாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

போன வாரம் மதியம் டிப்போவுக்குப் போனேன். அவர் ஓட்டிய தடத்தில் இப்போது ஓட்டுகிறவர் வைப்பர் கேட்டு வந்தார். இவர் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த பஸ் கிளம்பிற்று. இவர் எழுந்து, கேட்டைத் தாண்டி அது திரும்பும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

“வேற ஏதாவது வேணுமா உங்களுக்கு?”

ஒன்றும் வேண்டாம் என்றேன். பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.