மண்டபக் காவல்

மாதத்தில் சில நாள் நான் போலீஸ். மற்ற நாளெல்லாம் ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஷூ கம்பெனியில் மிஷினில் தைக்கிறவள். தோள்பட்டையில் ஊர்க்காவல் படை என்று எழுதியிருக்கும். யாரையும் கைது செய்ய எங்களுக்கு அதிகாரம் கிடையாது. திருவிழாவில் கயிறு பிடிக்கலாம், சிக்னலில் வெயில் காயலாம். இருந்தாலும் காக்கி காக்கிதான். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் என் மாமியாரே ஒதுங்கி வழி விடுவார். அந்தச் சுகத்துக்காகத்தான் சேர்ந்தேன், பொய் சொல்வானேன்.

அன்றைக்குத் தேர் டூட்டி. பாதியில் பெண்களை மட்டும் பிரித்து, மறியல் டூட்டி என்று வேனில் ஏற்றினார்கள். எங்கே மறியல் என்று யாரும் சொல்லவில்லை. மறியலில் உட்கார்ந்திருப்பது பொம்பளைகள் என்றால் தூக்கவும் பொம்பளைகள் வேண்டும். ஸ்டேஷனில் இருக்கும் பெண் போலீஸ் போதாது, அதனால் எங்களைக் கூப்பிடுவார்கள். இறங்கிப் பார்த்தால் சர்வீஸ் ரோட்டில் உட்கார்ந்திருந்தது எங்கள் கம்பெனி. அதிலும் என்னுடைய தையல் லைன். முன்வரிசையில் அமிர்தவள்ளி அக்கா, எனக்குப் பக்கத்து மிஷின்காரி.

“இன்னாடி பிரிஸ்கி, நீயும் வந்துட்டியா? ஆனா தப்பான பக்கம் நிக்கிறியே!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் ஷர்மிளா. பேஸ்டிங்கில் பசை தடவுகிற சின்னப் பெண். பசை வாசனை தாங்காமல் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குணமாகித் திரும்பி வந்தால், உடம்பு முடியாதவள் வேண்டாம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளை உள்ளே விடும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று இவர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் டூட்டி இல்லாமல் இருந்திருந்தால் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “நீ இந்தக் கம்பெனிதானேம்மா? நீயே பேசி வேன்ல ஏத்திடு. தூக்கி இழுத்தா டிவில வரும்.”

இந்தச் சடங்கு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மறியல் செய்தால் கைது. கைது என்றால் கல்யாண மண்டபம். மதியம் தக்காளி சாதம், மேலே ஃபேன், பொழுது சாய்ந்ததும் வீடு. கல்யாணத்துக்குப் போவதைவிடச் செலவு கம்மி என்று கேலி பேசுவார்கள்.

“மண்டபம்தானடி?” என்று அக்கா கேட்டாள்.

“மண்டபம்தான்க்கா. சாயந்தரம் விட்டுடுவாங்க.”

என் வாயால் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு மொத்த லைனும் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு வேனில் ஏறியது.

மண்டப வாசலில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். உள்ளே அவர்கள் பாடு கொண்டாட்டம். மணமகள் அறையில் செல்போன் சார்ஜ் போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள். நடுநடுவே யாராவது வந்து, “போலீசம்மா, தண்ணி குடிக்க பர்மிஷன் உண்டா?” என்று என்னைச் சீண்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் மனசு லேசானது.

வெயில் இறங்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே எங்கள் எச்.ஆர். எலியாஸ் சார். 

“அமிர்தவள்ளிய மட்டும் சமையல்கட்டு வழியா கூட்டிட்டு வாம்மா. பின்னாடி ஜீப் நிக்குது. பேச்சுவார்த்தைன்னு சொல்லு” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எதுக்கு சார்?”

“கம்பெனி பஸ் கண்ணாடிய உடைச்சிருக்கா. கேஸ். ரிமாண்ட்.”

“சார், அது போன மாசமே விரிசல் உட்ட கண்ணாடி. அந்த ஜன்னலாண்டதான் நான் தினம் உக்காருவேன்.”

எலியாஸ் சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். “பிரிஸ்கில்லா, நாளைக்கு வேலைக்கு வர்றீங்க இல்ல?” என்றார்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “மேல இருந்து போன் மேல போன்மா. இருட்டிட்டா பொம்பளைய கைது காட்ட முடியாது. நீ கூப்ட்டா வருவா. இல்லன்னா நாங்க உள்ள போவணும். போனா அடிதடிதான். அப்புறம் உன் தொப்பியும் எங்கிட்ட வந்துடும்” என்றார்.

உள்ளே போனேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அக்கா விசிறிக்கொண்டிருந்தாள். அக்காவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சுவார்த்தை என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

“வராதக்கா. என்ன ஆனாலும் வெளியே வராத.”

அக்கா விசிறிக்கொண்டே கேட்டாள். “வரலன்னா?”

“அவங்களே உள்ள வருவாங்க.”

“உனக்கு?”

நான் தொப்பியைச் சரிசெய்தேன்.

“ரெண்டு வேலையும் போய்டும். அதானே? உன் வீட்டுக்காரர் முதுகு முடியாம படுத்துக்கினு கீறாரு. புள்ளைங்கள யார் பார்ப்பா?”

“போவட்டும்க்கா” என்றேன். வீம்புக்குச் சொன்னதுதான். சொல்லும்போதே, போகக்கூடாது, போகக்கூடாது என்று எனக்குள்ளே ஒருத்தி அலறினாள். அவள் அலறியது அக்காவுக்குக் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அக்கா விசிறியைக் கீழே வைத்தாள். கொண்டையை இறுக்கி முடிந்தாள். “எப்படியும் என்னைத் தூக்காம உடமாட்டானுங்க. அதுக்கு இதுங்கெல்லாம் ஏன் அடி வாங்கணும்? நடடி.”

“அக்கா…”

“ஒண்ணு மட்டும். ஜீப்புல என் பக்கத்துல நீதான் உக்காரணும். அந்த ஆம்பளைங்களோட என்னைத் தனியா அனுப்பிடாத.”

சமையல்கட்டைத் தாண்டும்போது என் கையைப் பிடித்தாள். சூப்பர்வைசரையே ஒரு சத்தத்தில் உட்கார வைக்கிறவள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. நான் அவளைக் காப்பாற்ற வந்தவளா, பிடித்துக்கொடுக்க வந்தவளா என்று எனக்கே தெரியவில்லை.  

ஜீப்பை ஸ்டார்ட் செய்த சத்தத்தில் ஷர்மிளா எழுந்திருக்க வேண்டும். மண்டபத்தின் பின்பக்க ஜன்னல் கம்பியில் அவள் முகம் தெரிந்தது.

“ஏய் பிரிஸ்கி! அக்காவ எங்கடி இழுத்துக்கினு போற?”

ஜன்னல் ஜன்னலாக முகங்கள். என் லைன் முழுக்க அங்கே நின்றது. சாயந்தரம் விடுவார்கள் என்று என் வாயால் கேட்டு வேனில் ஏறியவர்கள். ஒருத்தி காறித் துப்பினாள். “காட்டிக் குடுத்துட்டாடி!” என்று யாரோ கத்தினார்கள்.

நான் இழுக்கவில்லை, அவள்தான் பிடித்திருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கையை உதறிக் காட்டியிருந்தாலே போதும், அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அமிர்தாக்கா அப்போதுதான் ஜீப்பின் படியில் கால் வைத்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்ததும் என் கையை இன்னும் இறுக்கினாள்.

நான் விடவில்லை. அத்தனை பேரும் பார்க்க, அந்தக் காக்கியோடு, அவள் கையைப் பிடித்தபடியே ஜீப்பில் ஏறினேன்.