உப்பு கரிக்குதுன்னு சொல்லு

ராயம்மாள் உப்பை விட்டு இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. உப்பை மட்டுமா விட்டாள்? சூடாக எதையும் வாயில் வைப்பதை விட்டாள், பாயில் படுப்பதை விட்டாள். மகன் செபாஸ்தியான் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சண்டைக்குப் போகத் திண்டிவனத்தில் ரயிலேறிய அன்று, செஞ்சி மாதா கோவிலில் முட்டி போட்டு அவள் செய்துகொண்ட வேண்டுதல் அது. பிள்ளை முழுசாக வீடு திரும்புகிறவரைக்கும் உப்பில்லாத ஆறின சோறு, வெறும் தரை. அவன் படுகிற பாட்டில் பாதியைத் தான் பட்டுவிட்டால் அவனுக்குப் பாதி குறையும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. சர்வேசுரன் அப்படியெல்லாம் படி போட்டு அளக்கிறவர் இல்லை என்று கோவில் சாமியார்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே!

நடுவில் மாட்டிக்கொண்டவர் புருஷன் யாகப்பன். அவருக்கு உப்பு போட்டுத்தான் சமைப்பாள். ஆனால் ருசி பார்க்க மாட்டாள், கை போன போக்கில் அள்ளிப் போடுவாள். ஒருநாள் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும், ஒருநாள் சப்பென்று கிடக்கும். பகலெல்லாம் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டிவிட்டு வருகிற மனுஷன், கிடைத்ததைத் தின்றுவிட்டுப் பேசாமல் எழுந்துவிடுவார். பேசிப் பேசி அவருக்கும் அலுத்துவிட்டது.

ராயம்மாளுக்கும் அலுப்புதான், அதை அவள் சொல்லமாட்டாள். கிடங்கில் கூலிக்கு மல்லாட்டை உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. தரையில் படுத்துப் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ராஜகிரி மலைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குள் திருப்பி விடும்போது, சும்மா உட்கார்ந்தாலே கண் சொருகும். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான், அவள் அடுப்புப் பற்றவைத்துக் கொண்டிருந்தபோது, காக்கி சட்டைக்காரன் ஒருவன் வாசலில் வந்து நின்றான்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. காக்கி சட்டை வந்து சேதி சொன்ன வீடுகள் அந்தத் தெருவிலேயே இருந்தன. கையில் பிடித்த விறகோடு அப்படியே நின்றாள்.

"அய்யோ, பயப்படாதம்மா! நல்ல சேதிதான்" என்றான் வந்தவன் அவசரமாக. "நான் பாவாடை, பனமலைக்காரன். உங்க செபாஸ்தியானும் நானும் ஒரே கம்பெனி. சண்டையில ரெண்டு பேருக்கும் ஒரே பதுங்கு குழி. லீவுல வந்தேன், லீவு முடிஞ்சி போச்சி, இன்னிக்கு ராத்திரி ரயில புடிக்கணும். போறதுக்குள்ள உங்கள பாத்துட்டுத்தான் வரணும்னு உங்க புள்ள சத்தியம் வாங்கிட்டான்."

"கை காலெல்லாம் நல்லா இருக்குதாப்பா அவனுக்கு?" விறகைக் கீழே போட்டாள்.

"எல்லாம் இருக்குது. கால்ல சேத்துப்புண்ணு, அது எல்லாருக்கும்தான்."

ராயம்மாள் "மாதாவே" என்று கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் எழுந்து உலை வைத்தாள். மகனோடு ஒரே குழியில் கிடந்தவன் இந்த வீட்டில் கை நனைக்காமல் போவதாவது! ரேஷன் அரிசிதான், பொறுக்கப் பொறுக்கக் கல். கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு கூட்டினாள். செபாஸ்தியானுக்கு அதென்றால் உயிர்.

பாவாடை அடுப்புக்கு எதிரே சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். வயசு என்னவோ இருபத்தைந்துகூட இருக்காது, முகம் ஐம்பதைப் போலக் களைத்திருந்தது. குழம்பு கொதிக்கிற வாசனை எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று பார்த்தாள். இல்லை.

வண்டியை அவிழ்த்துவிட்டு யாகப்பன் வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் பாவாடையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சோறு வடித்தாயிற்று. ராயம்மாள் இருவருக்கும் ஆவி பறக்கப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பாவாடை ஒரு வாய் வைத்தான். மென்றான். சிரித்தான்.

"சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். 'எங்கம்மா கொழம்புல எப்பவும் ஒரு கை உப்பு கூடவே இருக்கும்'பான் உங்க புள்ள."

யாகப்பனும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"நீங்களும் போட்டுக்குனு உக்காரும்மா" என்றான் பாவாடை.

"நான் அப்பறமா சாப்புடுறேன்ப்பா. நீ சாப்புடு."

"இல்லம்மா, இப்ப சாப்புடுங்க. நான் பாக்கணும். அதுக்குத்தான் அனுப்பிச்சான்." அவன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னான். "அங்கல்லாம் சீக்கிரமே இருட்டிடும். மழ விடாது, அட்ட கடிக்கும், தீ மூட்டக் கூடாது. டப்பால அடைச்ச எதையோ குடுப்பாங்க. நான் உடனே பிரிப்பேன். உங்க புள்ள பிரிக்க மாட்டான். 'இருடா, எங்க ஊர் கோயில்ல இன்னும் சாயங்கால திரிகால மணி அடிக்கல, எங்கம்மா இப்பத்தான் உலை வெச்சிருக்கும்'னு உக்காந்துனு இருப்பான். அப்பறம், 'இப்ப அடிச்சிருக்கும், இப்ப எங்கம்மா சூடா போட்டுக்குனு உக்காந்திருக்கும்'பான். அதுக்கு அப்பறம்தான் சாப்புடுவான். கேட்டுக் கேட்டு எனக்கும் அதே பழக்கமா போச்சி. எனக்கு அம்மா இல்ல, அதனால உங்களத்தான் நானும் நெனச்சிக்கிறது."

ராயம்மாள் அடுப்பைக் கிளறினாள். கிளற அங்கே ஒன்றும் இல்லை.

யாகப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அவ எங்கப்பா சாப்புடுறா? உப்பில்ல, சூடில்ல, பாயில்ல. புள்ள வர்ற வரைக்கும் வேண்டுதலாம்" என்று போட்டு உடைத்தார்.

"நீ சும்மா இருய்யா!"

பாவாடை அவளையே பார்த்தான். அவன் முகத்தில் வந்த கோபத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா? யாரு கேட்டா இத? ஒரு வாய் சூடான சோறு, ஒரு பாயி, அது இருக்குற வீடு ஒண்ணு உலகத்துல எங்கியோ நல்லா இருக்குதுன்னு நெனச்சிதாம்மா நாங்க அந்தச் சேத்துல கெடக்குறோம். நீங்க அந்த அடுப்பையும் அணைச்சிட்டீங்களே! நான் போயி அவன்கிட்ட இன்னா சொல்லட்டும்?"

"சாப்புட்டான்னு சொல்லிடுப்பா" என்றாள் கெஞ்சலாக.

"என்னால ஆவாது. நான் பொய் சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

கோவிலில் சாயங்கால ஜெபத்துக்கான திரிகால மணி அடித்தது. யாகப்பன் எச்சில் கையோடு எழுந்து நின்று முணுமுணுத்தார். ராயம்மாள் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து நின்றாள். ஜெபம் வாயில் ஓடியது, மனசு வேறெங்கோ நடுங்கியது. வேண்டுதலை முறித்து, அங்கே பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? நாளைக்கே ஆகிவிட்டால்? பெற்ற கையே அவனைக் கொன்றதாகாதா? முறிக்காவிட்டால், அவன் நாள் தவறாமல் நினைத்துத் தின்கிற அந்தச் சோறு பொய்ச்சோறு. இத்தனை நாளும் தன் பங்குக்குத் துன்பப்படுகிறோம் என்று நினைத்தாளே, பாவி, அவன் கையில் இருந்த ஒரே சுகத்தை அல்லவா பிடுங்கி வைத்திருந்தாள்.

"தாயே, கோவம்னா என்மேல காட்டு" என்று படத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். "அவன்மேல காட்டாத. நீயும் புள்ள பெத்தவதான்."

தட்டை எடுத்தாள். பானையிலிருந்து சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டு பாவாடைக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் வாய் நாக்கைச் சுட்டது. பிறகு உப்பு ஏறியது, புளி ஏறியது, கருவாட்டின் மணம் தொண்டையில் இறங்கியது. அய்யோ, எவ்வளவு ருசி! இந்தப் பாழாய்ப்போன ரேஷன் அரிசிக்கா இத்தனை ருசி? கண்ணீர் தாரையாகக் கொட்டியது, கை மட்டும் நிற்காமல் பிசைந்து பிசைந்து வாயில் போட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பசியாக இருந்தது.

பாவாடை அதற்குமேல் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தட்டு காலியானதும்தான் தன் தட்டில் கை வைத்தான்.

கடைத்தெருப் பக்கம் கரி போட்டு ஓட்டுகிற பஸ் கிளம்பத் தயாராகி ஹாரன் அடித்தது. அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். யாகப்பன் வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றார், முகத்தைக் காட்டாமல்.

"இன்னா சொல்லட்டும்மா?"

"சாப்டேன்னு சொல்லு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொழம்புல உப்பு கரிக்குதுன்னு சொல்லு. நம்புவான்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தவள், பரணில் சுருட்டிக் கிடந்த பாயை எடுத்துத் தூசி தட்டினாள்.

ஊர் சும்மா இருக்குமா? மாதாவுக்குக் கொடுத்த வாக்கை முறித்துவிட்டாள் என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற தைலம்மாள் நேராகவே கேட்டாள், "நாளைக்கு ஒண்ணுன்னா தாங்குவியாடி?" ராயம்மாள் அடுத்த கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டாள்.

ஆனால் மறுநாளும் சாயங்காலம் மணி அடித்ததும் சோற்றைச் சூடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாயை எடுக்கும்போது பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் வாயைக் கட்டியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. தபால்காரன் நாளைக்கு என்ன கொண்டு வருவானோ, யாருக்குத் தெரியும்! அங்கே இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். மணிக்காக ஒருவன் டப்பாவைப் பிரிக்காமல் காத்துக்கொண்டிருப்பான்.

"போட்டுக்கினேன்டா" என்றாள் மெதுவாக. "நீ சாப்புடு."